ஆறெழுத்தா, பன்னிரண்டா?

'திருநெல்வேலி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கி எண்ணி ஆறு என்று சொல்லிவிடும்: தி, ரு, நெ, ல், வே, லி. அதே சொல்லைக் கணினியிடம் கொடுத்து நீளம் கேட்டால், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் நிரல்மொழிகள் பலவும் 12 என்று விடை தரும். யூனிகோடு முறையில் 'தி' ஓர் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. 'ல்' கூட லகரமும் புள்ளியுமாக இரண்டு. 'தாமிரபரணி'க்குப் பிள்ளையின் கணக்கு அதே ஆறுதான். கணினியின் கணக்கு 9.

எழுத்தெண்ணும் விளையாட்டு ஒன்றைத் தொடக்கப் பள்ளிச் செயலியில் வைக்கச் சொல்லி ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். நிரல் எழுதுபவர் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு சோதித்துப் பார்ப்பார், சரியாகவே வரும். நிறுவனம் ஒப்படைக்கும், அதிகாரி கையெழுத்திடுவார், பணம் பட்டுவாடா ஆகும். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு குழந்தை ஆறு என்று தொட்டதும் திரையில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். இதைத் திருத்துவது பெரிய வேலையே இல்லை. உயிர்மெய்யை ஒரே அலகாக எண்ணும் வழி பெரும்பாலான நிரல்மொழிகளில் இருக்கிறது. தெரிந்தவருக்கு அரை நாள் போதும். ஆனால் இந்தப் பிழையை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்றாம் வகுப்பு டீச்சர், செயலியை முதல் முறையாகப் பார்ப்பதே எல்லாம் முடிந்த பிறகுதான்.

அகரவரிசையிலும் இதே சங்கடம். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்பும் வைக்கப்பட்டுள்ளன. ஜகரம் சகரத்தை ஒட்டி நிற்கிறது. புள்ளிக் குறியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருவதால், அகராதியில் முதலில் வரவேண்டிய 'க்' கடைசியில் போய் விழுகிறது. தமிழுக்கான வரிசை விதியைத் தனியாகச் சேர்க்காவிட்டால், செயலியிலுள்ள அருஞ்சொற்பொருள் பட்டியல் நம் பிள்ளைகள் படித்த நெடுங்கணக்கோடு ஒத்துப்போகாது.

எழுத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பள்ளிகளுக்கான மின்வழிக் கற்றல் தளங்களைப் பற்றிய பேச்சு நம் ஊரில் எப்போதும் கருவிகளின் எண்ணிக்கையில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்; 22,931 திறன்மிகு வகுப்பறைகள்; தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி. இவையெல்லாம் தமிழ்நாடு அரசு அறிவித்த எண்கள். சிறிய காரியமும் அல்ல. அந்தத் திரைகளுக்குள் ஓடும் மென்பொருளை யார் வடிவமைத்தார், யாரிடம் கேட்டு வடிவமைத்தார், மூன்றாண்டு கழித்து அது பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கேள்விகள் மட்டும் எந்த அறிவிப்பிலும் இடம்பெறுவதில்லை.

2018 ஜூன் மாதம் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கங்களில் க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. கைப்பேசியைக் காட்டினால் பாடம் தொடர்பான காணொளி திறக்கும். பின்னணியில் இயங்கியது 2017 செப்டம்பர் 5 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய 'தீக்‌ஷா' தளம். அதன் அடித்தளம் 'சன்பேர்டு' என்ற கட்டற்ற மென்பொருள். உருவாக்கியது நந்தன் நிலேகணி உள்ளிட்டோர் நிறுவிய ஏக்ஸ்டெப் அறக்கட்டளை. அரசு வெளியாரிடம் வேலை வாங்கும் வழக்கமான டெண்டர் பாதையிலிருந்து இது விலகியது. நிரல் எல்லோருக்கும் திறந்தது. எந்த மாநிலமும் எடுத்துத் தனக்கென்று நிறுவிக்கொள்ளலாம். தாளில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது.

அச்சுப் புத்தகத்துக்கும் மென்பொருளுக்கும் ஆயுள் வேறு வேறு என்பது பிறகுதான் உறைத்தது. அச்சான கோடு புத்தகம் கிழியும்வரை அங்கேயே இருக்கும். அது சுட்டும் காணொளி சர்வரில் இடம் மாறலாம், நீக்கப்படலாம், பாடத்திட்டம் மாறும்போது பொருந்தாமலும் போகலாம். நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்றொரு பெட்டி உண்டு. அதில் பல, ஜியோஜீப்ரா போன்ற வெளித்தளங்களுக்கு இட்டுச் செல்பவை. அந்தத் தளங்கள் நமக்காக முகவரியைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உலகெங்கும் பள்ளிகளுக்கென ஃபிளாஷில் செய்யப்பட்ட பாடங்கள் 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்துக்கு மூடுவிழா நடத்தியதும் ஒரேயடியாகச் செத்துப்போயின. பத்தாண்டு உழைப்பு, ஒரே நாளில்.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பராமரிப்பு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாசனம். ஸ்ரீவைகுண்டத்தை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. அணையைக் கட்டியவர் பெயர் கதையாகவும் கல்வெட்டாகவும் நிற்கிறது. தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணமோ ஆண்டுதோறும் கால்வாயைத் தூர்வாரிய ஊர்க்காரர்கள்தான். குடிமராமத்து என்ற ஏற்பாட்டில் யார் எத்தனை முழம் வெட்ட வேண்டும் என்பதுவரை கணக்கு இருந்தது. நம் பள்ளி மென்பொருள் ஒப்பந்தங்களில் அணைக்கு மட்டும் பணம் ஒதுக்கித் தூர்வாரும் செலவை 'ஆண்டுப் பராமரிப்பு' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் என்ன வரும், என்ன வராது என்ற சண்டை பிறகுதான் தொடங்கும்.

ஒப்பந்தம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் எழுத்து எண்ணிக்கைப் பிழையின் வேர் தெரியும். அரசுக் கொள்முதலை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வழிநடத்துகிறது. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்பதே பரவலான நடைமுறை. மேசை, நாற்காலி, மிதிவண்டி வாங்க இது பொருத்தமான முறை. மிதிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். வகுப்பறையில் ஒரு பாடச் செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முழுவதுமாக முன்கூட்டி எழுத முடியாது. செய்து பார்த்து, பிள்ளைகள் கையில் கொடுத்து, தடுமாறும் இடத்தைக் கவனித்து மாற்ற வேண்டும். டெண்டரிலோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி விலை உண்டு. குறைந்த விலைக்கு வேலையை எடுத்த நிறுவனம் இழப்பை ஈடுகட்டுவதும் அந்த மாற்றக் கட்டணங்களில்தான்.

தேவைப் பட்டியலை எழுதுவது யார் என்பதும் கவனிக்கத்தக்கது. வகுப்பாசிரியர் சொல்வதை ஆசிரியர் பயிற்றுநர் கேட்டு, வட்டார வளமையம் தொகுத்து, மாவட்டம் சுருக்கி, சென்னை கல்லூரிச் சாலையில் இருக்கும் வளாகத்துக்கு அனுப்புகிறது. இன்று அதற்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர். ஆசிரியர்களின் பேச்சில் இன்னும் டிபிஐதான். ஆலோசகர்கள் அதைத் தங்கள் வார்த்தையில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். வேலையை எடுத்த நிறுவனம் அதைப் பிரித்துத் தன் குழுக்களுக்கோ துணை ஒப்பந்தக்காரருக்கோ கொடுக்கிறது. கடைசியில் நிரல் எழுதும் பையன் மேலப்பாளையத்துக்காரனாகவே இருக்கலாம்; சிறுசேரியில் உட்கார்ந்து, தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தான் எழுதுகிறோம் என்று தெரியாமலே ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பான். இடையில் ஐந்தாறு கை மாறிய பிறகு டீச்சர் சொன்னதில் என்ன மிஞ்சும்?

மிஞ்சாததன் விளைவை எமிஸ் என்ற சொல்லைப் பள்ளி ஓய்வறையில் உச்சரித்தாலே தெரிந்துகொள்ளலாம். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையான அது உண்மையில் பயனுள்ள ஏற்பாடு. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண். பள்ளி மாறினாலும் விவரம் கூடவே போகும். இடைநின்ற பிள்ளையைத் தேடிப்பிடிக்க உதவும். இதையெல்லாம் வேண்டுபவர் நிர்வாகி. தரவை உள்ளிடுபவர் ஆசிரியர். மேலே இருப்பவருக்கு அறிக்கை தேவைப்படும்போதெல்லாம் ஒரு புதிய படிவம் சேரும். கீழே இருப்பவருக்கு வகுப்பு நேரத்தில் பத்து நிமிடம் குறையும். எமிஸ் பணியிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும் என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. இந்தச் செயலிகளைக் குறைசொல்லும் ஆசிரியர்களைத் தொழில்நுட்ப விரோதிகள் என்று எழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இருக்கிறது. அதே ஆசிரியர்கள்தான் 2020இல் பள்ளிகள் மூடியபோது தங்கள் கைப்பேசியில், தங்கள் டேட்டாவில் பாடம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள்.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்தக் காலத்தில் கைகொடுத்ததற்கும் காரணம் எளிது. கேபிள் போன இடமெல்லாம் அது போயிற்று, கடவுச்சொல் கேட்கவில்லை. பாபநாசம் மலையிலுள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளைப் போலக் கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடங்களில் நேரலை வகுப்புக்கு அர்த்தமே இல்லை. வெளியூர் ஆலோசகர் தயாரிக்கும் விளக்கப் படங்களில் இணைப்பு எப்போதும் இருக்கும். இணைப்பு இல்லாதபோது செயலி என்ன செய்யும் என்பது கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளியாக வரும். மலையடிவாரப் பள்ளிக்கு அதுதான் முதல் பக்கமாக இருக்க வேண்டும்: வாரத்துக்கு ஒருமுறை வட்டார வளமையத்தில் பாடங்களை இறக்கிக்கொண்டு, மிச்ச நாளெல்லாம் இணையமின்றி ஓடும் செயலி.

மூல நிரல், பாடப்பொருள், தரவு ஆகிய மூன்றில் எது யாருடையது என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டைப் பற்றியாவது சட்டப் பிரிவினர் ஏதோ எழுதி வைக்கிறார்கள். தரவு விஷயத்தில் நமக்கு அக்கறை வந்ததே சூடுபட்ட பிறகு. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், மாணவர் இருக்குமிடத்தைத் துல்லியமாகத் திரட்டும் வசதி தீக்‌ஷா செயலியில் இருந்ததைச் சுட்டியது. 2023 ஜனவரியில் வயர்டு இதழ் இன்னொன்றை வெளிப்படுத்தியது. தீக்‌ஷாவின் மேகச் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்ததில், 10 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் யாரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தன.

கட்டற்ற மென்பொருளை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் இதை விழுங்கித்தான் ஆக வேண்டும். நிரல் திறந்ததாக இருந்தது. அதில் ஓட்டை இல்லை. ஒரு சேமிப்புக் கிடங்கின் கதவை யாரோ சாத்த மறந்தார்கள். வடிவமைத்தவர் ஒருவர், இடம் கொடுத்தவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர் என்று பொறுப்பு பங்கிடப்படும்போது கதவைச் சாத்துவது யார் வேலையென்றே தெரியாமல் போகிறது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது; குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வயலுக்குப் போய்வரும் தாயிடம் அந்த ஒப்புதலை வாங்கப்போவது யார்? மறுபடியும் வகுப்பாசிரியர்தான், ஐயமே வேண்டாம்.

அமெரிக்காவிலும் இந்தப் பாடம் விலை கொடுத்துத்தான் கற்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2013இல் ஒவ்வொரு மாணவருக்கும் ஐபேடு, அதற்குள் பியர்சன் நிறுவனத்தின் பாடங்கள் என்று 100 கோடி டாலருக்கு மேல் திட்டமிட்டது. சில வாரங்களில் மாணவர்கள் தடைகளை நீக்கி விருப்பம்போல் உலாவினார்கள்; பாடங்கள் அரைகுறையாக வந்து சேர்ந்தன; மறு ஆண்டு ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தோடு 10 கோடி டாலரில் எழுந்த இன்புளூம் என்ற மாணவர் தரவுத் தளம், பெற்றோரின் எதிர்ப்பால் 2014இல் மூடப்பட்டது. பணமும் திறமையும் மிகுந்த ஊர்களில் நடந்தவை இவை.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கேரளம் 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. பாடத்திட்டம் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றி அமைவதை ஆசிரியர் சங்கத்தினரே எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகள் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. வெளியிலிருந்து பயிற்சியாளர்களை அழைத்துவராமல், பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்சியாளர்களைத் தேர்ந்து வளர்த்தார்கள். 2017இல் அந்த அமைப்பே 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் ஒரு செயலி பள்ளிக்குள் நுழையும்போது அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் கல்வித் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். வெளி நிறுவனத்தை அழைத்தாலும் மேசையின் இந்தப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் அந்தத் திசையில் யாரும் போகவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர், மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் பொறுப்பில் இருந்த 2007 வாக்கில் அந்த நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை வீடுகளில் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். பள்ளியில் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. 2023 ஜூலையில் வெளியான 'மணற்கேணி' செயலி மாநிலமே தன் பாடத்திட்டத்துக்கென அமைத்துக்கொண்டது. பெயர் குறளின் கல்வி அதிகாரத்திலிருந்து வந்தது. தமிழிலேயே சிந்தித்துத் தொடங்கிய முயற்சி என்பதற்கு அதுவே அடையாளம். பள்ளிகளின் மின்வழி முயற்சிகளில் ஒரு பகுதி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக நடப்பது. 2024–25இல் ஒன்றிய அரசு அந்தத் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்ததாக மாநிலம் குற்றம்சாட்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. நிதி நின்றால் முதலில் வாடுவது திறப்பு விழா இல்லாத செலவுகள்: சர்வர் வாடகை, பழுதுபார்ப்பு, பயிற்சி.

இனி ஆற்றுப் பக்கமே வருவோம். சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அதன் மேற்பகுதியில், தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து நிரல் எழுதப் பழக்கும் பள்ளியும் அவர்களுக்கு உண்டு. உலகச் சந்தைக்குப் போகும் மென்பொருள் அங்கிருந்து வெளியாகிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், அரசு பொறியியல் கல்லூரியும் ஆண்டுதோறும் கணினிப் பட்டதாரிகளை அனுப்புகின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மாவட்ட அளவில் ஒரு சிறு பாடச் செயலிக்காவது இவர்களை அமர்த்த முடியுமா என்றால், பல கோடி ஆண்டு வருவாய் கேட்கும் டெண்டர் தகுதிப் பட்டியல் சிறிய குழுக்களை வாசலிலேயே நிறுத்திவிடும். பெரிய நிறுவனமாக இருந்தால்தான் ஓடிப்போகாது என்ற அச்சம் அந்த விதிக்குப் பின்னால் இருக்கிறது. மூல நிரல் முதல் நாளிலிருந்தே துறையின் களஞ்சியத்தில் இருக்குமானால், அந்த அச்சத்துக்குப் பாதி மருந்து கிடைத்துவிடும்.

ஒப்பந்தத்தை முடிப்பதற்கு முன் சோதிக்க வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் பாளையங்கோட்டையைச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கிய செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் இந்த ஊரில் இருக்கின்றன. பார்வையற்ற மாணவர் கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கிறார். யூனிகோடில் இருக்கும் தமிழை அது வாசித்துக் காட்டும். நம் பள்ளிகளில் வினாத்தாள் அடிக்கப் பயன்படும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் ஆங்கில எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று உளறும். பக்கத்தைப் படம்பிடித்துப் பிடிஎஃப் ஆக்கியிருந்தால் வாயே திறக்காது. யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்க முறையையும் அரசு தரப்படுத்தி ஆணையிட்டது 2010இல். இத்தனை ஆண்டு கழித்தும் இந்தச் சோதனையில் தோற்கும் பாடங்கள் பள்ளிகளில் புழங்குகின்றன. கண்பார்வை உள்ளவர் யாருக்கும் அந்தத் தோல்வி தெரிவதே இல்லை. திரையில் தமிழ் அழகாகத்தான் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; தாமிரபரணி கரை உடைத்து ஊர்களுக்குள் வந்தது. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் சான்றிதழ்களும் வீட்டோடு நனைந்தன. அரசு புத்தகங்களை மறுபடி கொடுத்தது, சான்றிதழ் நகல் வழங்க முகாம் நடத்தியது. எண்ணிம ஆவணத்தின் உண்மையான பயன் அப்படியொரு வாரத்தில்தான் தெரியும். பள்ளிக்குள் சர்வர் வைக்கும் எந்தத் திட்டத்திலும், அது கட்டடத்தின் எந்தத் தளத்தில் இருக்கும், நகல் எந்த ஊரில் இருக்கும், நீரில் மூழ்கினால் எத்தனை நாளில் வேறு வரும் என்று மூன்று வரி சேர்ப்பதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

ஆகவே ஒரு சனிக்கிழமை. செயலியின் முதல் வடிவத்தோடு நிறுவனத்தின் ஆட்கள் பாளையங்கோட்டைக்கு வரட்டும். நிரல் எழுதிய அந்தப் பையனும் கூடவே. ஒரு மேசையில் திரைவாசிப்பானோடு பார்வையற்ற மாணவி. இன்னொன்றில் எட்டாயிரம் ரூபாய்க் கைப்பேசியும் இணைப்பே இல்லாத சிம்முமாக மலையடிவாரப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பையன். மூன்றாவதில், முப்பது ஆண்டாக 'அ' சொல்லித்தரும் டீச்சர். திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து என்று அவர் கேட்பார். முதல் தவணைப் பணம் அன்று மாலைக்குப் பிறகு.